மூச்சுக் கணக்கு

நிலாவெளியில் சிலிண்டர் கட்டி இறங்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு படிவத்தைத்தான் நீட்டுகிறார்கள். நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்ததா, வலிப்பு வந்ததா, காதுச் சவ்வு கிழிந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். இரண்டாவது கேள்வி வயது. 45 ஐத் தாண்டியவரா நீங்கள்? தாண்டியவர் என்றால் அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். அங்கே புகைப்பீர்களா, கொழுப்புக் கூடவா, இரத்த அழுத்தம் உண்டா என்று இன்னும் தோண்டுவார்கள். நான் பிரஷருக்குக் குளிசை போடுகிறவன். ஆகவே மருத்துவர் கையெழுத்து வைக்காமல் தண்ணீரில் கால் வைக்க முடியாது.

"உலகம் முழுக்க உந்தப் படிவம்தான், மாமா" என்றான் அக்காவின் மகன். அவன் ஒஸ்லோவில் இருக்கிறான். கை விறைக்கும் குளிரிலும் கடலுக்குள் இறங்குகிற ஆள். விடுமுறைக்கு வந்தவன், நான் அந்தக் காலத்தில் சிலிண்டர் கட்டிக் கடலட்டை பிடித்தவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, அன்றிலிருந்து என்னை விடவில்லை.

எங்கள் காலத்தில் படிவம் இல்லை, பரீட்சை இருந்தது. மன்னார்ப் பக்கத்திலிருந்து கொம்பிரசரோடு வந்திறங்கிய சம்மாட்டியார் படகை ஐந்து பாகத்தில் நிறுத்திவிட்டு, "அடி மண் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வா" என்பார். மண்ணோடு வந்தவனுக்கு வேலை. வெறுங்கையோடு வந்தவன் படகில் கயிறு பிடிப்பான். நான் மண்ணோடு வந்தேன். அப்போது எனக்கு வயது இருபது இருக்கும். எண்பதுகளின் தொடக்கம்.

மருத்துவர் இளம் பிள்ளை. ஈசிஜி எடுத்தார், காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நெஞ்சு எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பிறகு மருமகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ஆற்றை ஆசை? உங்கடையோ, அவற்றையோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கையெழுத்து வைத்துத் தந்துவிட்டார்.

வீட்டில்தான் சிக்கல். என் மனைவிக்கு என் அம்மாவின் சத்தியம் நினைவிருந்தது. அதற்குப் போகுமுன் முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இந்தப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் போர் முடிந்த 2009 மே மாதம் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கும்தான். ஆனால் அதற்கு முன்னரும் அது ஓர் ஊர். கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல், நடுவில் பனையும் தென்னையும் மணலும். ஒரு நீருக்கும் மற்ற நீருக்கும் இடையில் சின்னப் பிள்ளைகூடக் களைக்காமல் நடந்துவிடலாம். களப்பில் இறால், கடலில் கரைவலை. அப்பா கரைவலைச் சம்மாட்டி ஒருவரிடம் கூலிக்கு நின்றார். நாங்கள் பொடியன்கள் வலையின் மடி கரையை நெருங்கும்போது கல்லில் கொழுவாமல் பார்க்க அடியில் போய் வருவோம். அதுதான் பழக்கம். கண்ணாடி கிடையாது, கண்ணைத் திறந்துகொண்டு போவதுதான். உப்பு எரிக்கும், பிறகு எரிக்காது.

கடலை நாங்கள் பாகத்தால் அளப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பாகம் போய்ச் சங்கு எடுத்துவிட்டு வருவது ஒரு வித்தை. மன்னாரில் அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக் குளித்தவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இதைத்தான் செய்தார்கள். அவர்களுக்குச் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடற்கட்டி இருந்தார். வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. எங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

சிலிண்டர் வந்ததும் ஆழம் கூடியது. பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம். ஆட்கள் இப்போது கற்பனை பண்ணுகிற மாதிரி உடுப்பு, மேலங்கி, கையில் கட்டும் கருவி ஒன்றும் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டி, சிலிண்டரைப் பட்டியால் முதுகில் இறுக்கி, வலைக்குக் கட்டும் ஈயத்தை உருக்கி வார்த்த கட்டிகளை இடுப்பில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக விழுவோம். எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மணிக்கூடும் இல்லை. மூச்சு இழுக்க இழுக்க வராமல் இறுகும். அப்போது சிலிண்டரின் பக்கத்தில் தொங்கும் கம்பியைக் கீழே இழுத்தால் இன்னும் கொஞ்சக் காற்றுத் திறக்கும். அது மேலே வருவதற்கான காற்று. இறங்குகிற வழியில் கம்பி எதிலாவது பட்டு முன்னரே இழுபட்டிருந்தால், இறுகுகிற மூச்சுத்தான் கடைசி மூச்சு. ஆகையால் கம்பி மேலேதான் நிற்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே இருந்தது. நாற்பது வருடம் கழித்து நிலாவெளியில் அலுமினியச் சிலிண்டரைக் கட்டிய உடனே என் வலது கை தானாகப் பின்னால் போய் அந்தக் கம்பியைத் தேடியது. "என்ன தேடுறீங்கள் அங்கிள்?" என்று பயிற்சிக்காரப் பொடியன் கேட்டான். அந்தக் கம்பியை அவன் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

அடியில் போனால் அட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வெள்ளை அட்டை மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும், அனுபவம் இல்லாதவன் மேலே நீந்திப்போய்விடுவான். சில வகை அட்டைகள் பயந்தால் வெள்ளை நூல் நூலாகக் கக்கும். விரலில் பிடித்தால் சோப்புப் போட்டும் போகாது, மணலில் தேய்த்துத்தான் எடுக்கவேண்டும். பை நிறைந்ததும் கயிற்றை இரண்டு தரம் இழுப்போம், மேலே தூக்குவார்கள். பையோடு சேர்ந்து நாங்களும் விரைந்து வருவோம். அடுத்த சிலிண்டர். ஒரு நாளில் மூன்று, நாலு. பொழுதுசாயக் கரையில் பெரிய கிடாரத்தில் அட்டையை அவித்து, மணலில் புதைத்து, தோலின் சுண்ணாம்பு கழன்றதும் கழுவித் திரும்ப அவித்துக் காயவைப்பார்கள். கை நீள அட்டை விரல் நீளத்துக்குச் சுருங்கும். அந்த மணம் சட்டையில் ஏறினால் கலியாணவீட்டுக்கு அந்தச் சட்டையைப் போடமுடியாது. எங்களில் ஒருவரும் அட்டையைத் தின்றதில்லை. எல்லாம் சிங்கப்பூர், ஹொங்கொங் என்று போனது.

என்னோடு ஒரே படகில் இறங்கியவன் ஒருவன் இருந்தான். சொந்தம் இல்லை, ஆனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடக் கெட்டிக்காரன், காற்றை மிச்சம் பிடிப்பான், ஒரு சிலிண்டரில் நான் எடுப்பதில் ஒன்றரை மடங்கு எடுப்பான். ஓர் ஆடி மாதம், நாலாவது சிலிண்டரும் முடித்துக் கரைக்கு வந்துகொண்டிருந்தபோது முழங்காலுக்குக் கீழே விறைக்கிறது என்றான். நாங்கள் பகிடி பண்ணினோம். கரையில் இறங்கி நாலு அடி வைத்தான், குந்தினான். பிறகு எழும்பவில்லை. சலம் போகவில்லை என்று அழுதான். காத்துக்கறுப்பு அடித்துவிட்டது என்றார்கள், ஒரு பரியாரி எண்ணெய் பூசினார், அடுத்தநாள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் திரும்ப விளங்கவில்லை.

அவனுக்கு என்ன நடந்தது என்பது நெடுநாள் எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். பத்து மீற்றர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீற்றரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்துகொண்டே போகும். கீழே நிற்கும்வரை ஒரு குழப்பமும் இல்லை. மெதுவாக மேலே வந்தால் கரைந்தது சுவாசப்பை வழியே போய்விடும். விரைந்து வந்தால் மூடி திறந்த சோடாப் போத்தல்தான். குமிழி முள்ளந்தண்டு நரம்பில் கட்டிவிட்டால் இடுப்புக்குக் கீழே போயிற்று. மருந்து எண்ணெயில் இல்லை. மனிதனை ஓர் இரும்பு அறைக்குள் வைத்துத் திரும்ப அழுத்தம் கொடுத்து, ஒட்சிசன் கொடுத்து, மணித்தியாலக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும். அப்படியொரு அறை இன்று திருகோணமலைக் கடற்படையினரிடம் இருக்கிறது.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றால் எந்த இடத்தில் நின்று நின்று மேலே வரவேண்டும் என்று பிரித்தானியக் கடற்படைக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தது 1908 இல். அப்போது இலங்கையும் அவர்களிடம்தான் இருந்தது. அந்த அட்டவணை எழுபது, எண்பது வருடத்தில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்து சேரவில்லை. கொம்பிரசர் வந்தது, சிலிண்டர் வந்தது, அட்டையின் விலை வந்தது. ஒரு தாள் வரவில்லை.

மச்சானை ஆஸ்பத்திரியில் விட்டுவந்த அன்று பின்னேரம் அம்மா என்னை வற்றாப்பளைக்குக் கூட்டிக்கொண்டு போனா. கண்ணகி அம்மன் கோயில், எங்களுக்கு அம்மாளாச்சி. வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து, அந்தக் கடல்நீரிலேயே விளக்கெரிப்பது அங்கே வழக்கம். விளக்கெரிந்த இடத்தைக் காட்டி, இனிச் சிலிண்டர் கட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கினா. நான் செய்தேன். சத்தியத்தைக் காப்பாற்றியதில் எனக்குப் பெரிய பங்கு இல்லை. 1983 கலவரம் வந்தது. 1984 இல் கடலில் கண்காணிப்பு வலயம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லை, எஞ்சினுக்குத் தடை, இரவில் போனால் சூடு. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுத ஆள் தேவைப்பட்டது, போய் உட்கார்ந்தேன். பிறகு ஆயுள் முழுக்க மற்றவர்கள் பிடித்ததை நான் எழுதினேன்.

2004 மார்கழியில் கடலே ஊருக்குள் வந்தது. முல்லைத்தீவில் பல வீடுகளில் மாதக்கணக்கில் மீன் சமைக்கவில்லை. 2006 மார்கழியில் ஃபரா என்ற ஜோர்தான் கப்பல் எஞ்சின் பழுதாகி எங்கள் கரைக்கு இழுபட்டு வந்து தரைதட்டியது, இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போன 14,000 தொன் அரிசியோடு. மாலுமிகள் 25 பேரும் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டார்கள், கப்பல் நின்றுவிட்டது. அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த எண்ணம் அதன் அடிப்பக்கத்தில் இப்போது மீன் அடைந்திருக்கும் என்பதுதான். சங்கத்து மேசையில் இருந்தாலும் புத்தி போகவில்லை. போர் முடிந்தபின் அந்தத் துருப்பிடித்த கப்பலுக்கு முன் நின்று படமெடுக்கத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பிறகு அதை வெட்டி இரும்புக்கு ஏற்றினார்கள்.

2009 ஐப் பற்றி ஒன்றே ஒன்று. மாசியிலிருந்து வைகாசித் தொடக்கம் வரை, காயக்காரரை ஏற்ற செஞ்சிலுவைச் சங்கத்தின் கிரீன் ஓசன் கப்பல் முதலில் புதுமாத்தளனுக்கும் பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் வெளியே வந்து நிற்கும். கரைக்கு வரமுடியாது. சின்ன வள்ளங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வள்ளம் தள்ளத் தெரிந்தவர்கள் எல்லோரும் போனோம். இடுப்பளவு தண்ணீரில், துணியில் கிடத்திய ஆட்களை அலை இறங்கும் கணம் பார்த்து உயர்த்திக் கொடுப்போம். அதற்குப் பிறகு, மருமகன் வரும்வரை, நான் கடலில் கால் நனைத்ததில்லை. செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம், அது 2012 இல் மூடப்பட்ட காலத்தில்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. வீட்டிலிருந்து கடல் சத்தம் கேட்கும். காலையில் படகு இழுக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அலை வரும் கோட்டுக்கு இப்பால்.

மருமகன் கேட்டபோது நான் உடனே மறுக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். மனைவி மறுத்தா. "மாமி செத்தாலும் சத்தியம் சாகாது" என்றா. இரண்டு நாள் கழித்து வற்றாப்பளைக்குப் போய் என் பெயருக்கும் மருமகன் பெயருக்கும் அருச்சனை பண்ணிவிட்டு வந்து, "அம்மாளாச்சியிட்டச் சொல்லியிருக்கிறன்" என்றா. என்ன சொன்னா என்று நான் கேட்கவில்லை.

நிலாவெளியில் பயிற்சி தந்த பொடியன் திருகோணமலைப் பிள்ளை, தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே மூச்சில் பேசுவான். முதலில் இடுப்பளவு தண்ணீரில் முழங்காலில் இருத்தினான். கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றக் காட்டினான். வாயிலிருந்து ரெகுலேற்றரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேடி எடுத்துப் போடச் சொன்னான். இதெல்லாம் எனக்குச் சின்ன விஷயம். காதுதான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. இளமையில் நினைத்த உடனே திறந்த காது இப்போது ஒவ்வொரு அரைப் பாகத்துக்கும் மூக்கைப் பிடித்து ஊதி மன்றாடவேண்டியிருந்தது.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. என் மூச்சு. நான் கற்ற கலை மூச்சை அடக்குவது. சங்குக்குப் போனவனுக்கு அதுதான் பெருமை. சிலிண்டர் கட்டியபிறகும் நாங்கள் அதை விடவில்லை. ஒன்று இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, பத்து எண்ணி, மெல்ல விடுவோம். காற்று மிச்சம், அட்டை கூட. பொடியன் என் குமிழிகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். மேலே கூட்டிக்கொண்டு வந்து, "அங்கிள், மூச்சை ஒருக்காலும் நிற்பாட்டக் கூடாது. முதல் சட்டம் அதுதான்" என்றான். காரணமும் சொன்னான். பத்து மீற்றரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். வாயை மூடிக்கொண்டு வந்தால் சுவாசப்பை கிழியும். அதற்கு ஆழக்கடலும் தேவையில்லை, ஒரு கிணற்றின் ஆழம் போதும். கீழே அடக்கி வைத்தாலோ கரியமிலவாயு கூடித் தலையிடிக்கும். எண்பதுகளில் ஒவ்வொரு பின்னேரமும் எங்களுக்கெல்லாம் தலை வெடிக்கும். வெயில் என்று நினைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் குடிப்போம்.

மூச்சைப் பிடிக்கக் கற்ற உடம்புக்கு மூச்சை விடக் கற்றுக்கொடுப்பது இலேசில்லை. வயதுபோனபிறகு புதிதாகக் கற்பதைவிட, கற்ற ஒன்றைக் கழற்றுவதுதான் கஷ்டம் என்று அங்கே கண்டேன். மணல் மேல் ஒரு நிழல் தெரிந்தால் போதும், நெஞ்சு தானாக அடைத்துக்கொள்ளும், கை நீளும். பொடியன் என் இரண்டு கையையும் எடுத்து நெஞ்சின் குறுக்கே கட்டிவிட்டான். கையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் போவது எனக்கு முதல்தரம்.

பிறகு புறாத்தீவு. 2003 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். அங்கே ஒரு சிப்பியைக்கூடத் தொடக்கூடாது. ஆழம் அதிகமில்லை, நாலைந்து பாகம். முருகைக்கல்லில் செத்த பகுதியும் உண்டு, சாம்பல் நிறத்தில் பாசி பிடித்துக் கிடக்கிறது. உயிருள்ள பகுதியில் மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டு நிற்கிறது. செட்டை நுனி கறுத்த சுறாக்குட்டிகள் இரண்டு சுற்றி வந்தன. எனக்குச் சுறா புதிதில்லை. ஆனால் சுறா வந்தால் சாக்கை முன்னால் பிடித்துக்கொண்டு கல்லோடு முதுகை வைத்து நிற்பதுதான் எனக்குத் தெரியும். சுறா எப்படித் திரும்புகிறது, வாலை எவ்வளவு குறைவாக அசைக்கிறது என்று பார்த்ததில்லை. பார்க்க நேரம் எங்கே? ஒரு சிலிண்டர் என்றால் இவ்வளவு அட்டை, இவ்வளவு அட்டை என்றால் இவ்வளவு காசு. நான் கடலுக்குள் எத்தனையோ தரம் போயிருக்கிறேன், கடலைப் பார்த்தது அன்றுதான்.

இன்னொரு வேடிக்கை. கரைக்கு வந்து மணிக்கூட்டைப் பார்த்தால் மருமகனைவிட என்னிடம் காற்று அதிகம் மிச்சம். மூச்சை நிற்பாட்டாமலே. அவன் ஜிம்முக்குப் போகிறவன், தோள் அகலம். "எப்பிடி மாமா?" என்றான். அவசரப்படுகிறவன் காற்றைத் தின்பான், அவ்வளவுதான். எனக்கு இப்போது ஒன்றுக்கும் அவசரமில்லை.

திருகோணமலையில் சுவாமிமலைக்குக் கீழே இறங்கியது அதற்கடுத்த நாள். மேலே கோணேசர் கோயில் மணி அடிக்கிறது, கீழே செங்குத்தாக விழும் பாறை தண்ணீருக்குள்ளும் அப்படியே இறங்குகிறது. போர்த்துக்கேயர் 1622 இல் பழைய கோயிலை இடித்தார்கள். இடித்த கல்லில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, மிச்சம் கடலில் விழுந்தது. அதை அடியில் கண்டு உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஆதர் சி. கிளார்க். விண்வெளிக் கதை எழுதியவர் என்றுதான் ஆட்களுக்குத் தெரியும். அவரை இலங்கைக்கு இழுத்துவந்தது ஆகாயமில்லை, கடல். 1956 இல் மைக் வில்சனோடு திருகோணமலையில் இறங்கித் தூண்களைப் பார்த்தார்கள். அடுத்த வருடம் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். சங்கத்து நூலகத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்த ஒரு சஞ்சிகையில் அதைப் படித்த நாளிலிருந்து அந்தத் தூணைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

பார்த்தேன். சதுரமாகச் செதுக்கிய கல், பாறைகளுக்கு நடுவே சரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் சிப்பி மூடிவிட்டது, மற்றப் பக்கத்தில் உளி போட்ட விளிம்பு இன்னும் நேராக நிற்கிறது. பெரிய பாறை எல்லாம் தன் இஷ்டத்துக்கு உருண்டு கிடக்க, இது ஒன்றுதான் மூலைமட்டம் வைத்த மாதிரி. பொடியன் கும்பிட்டான். மருமகன் படமெடுத்தான். ஒரு கல்மீன் அதன் மேலேயே கிடந்தது. அருகில் போனபிறகுதான் அதற்குக் கண் இருப்பதைக் கண்டேன்.

மேலே வரும்போதுதான் பழைய ஆள் எனக்குள் எழும்பினான். பை நிறைந்தது, கயிற்றை இழுத்தாயிற்று, வா வா. பொடியன் கையைக் கீழ்நோக்கி அமர்த்தினான். மெதுவாக. நிமிடத்துக்கு ஒன்பது மீற்றர்தான். உன் குமிழியில் ஆகச் சின்னதை நீ முந்தக்கூடாது. பிறகு ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் சும்மா நிற்கவேண்டும். ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூவரும் தொங்கினோம். மருமகனின் கைக்கருவியில் எண் இறங்கிக்கொண்டு வந்தது. மூன்று நிமிடம் என்பது எவ்வளவு சின்ன நேரம். அதில் மச்சானின் இரண்டு காலும் இருந்தன.

கடைசியில் முள்ளிவாய்க்கால். மருமகனுக்கு அங்கே இறங்கவேண்டும் என்று பிடிவாதம். அவன் சின்ன வயதில் போனவன். அட்டைக்கு அனுமதிப்பத்திரம் உள்ள ஒரு படகுக்காரத் தம்பியிடம் சொல்லி, கரையில் இருக்கும் கடற்படையினரிடமும் சொல்லிவிட்டு, சித்திரை வெயிலில் காலையோடு போனோம். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கடலில் ஒன்றும் தெரியாது, கலங்கல். சித்திரையில் அடங்கியிருக்கும்.

அடியில் என்ன இருக்குமோ என்று நான் பயந்தது உண்மை. அந்தத் தம்பியே சொல்லியிருந்தான், அங்கே வலை போட்டால் சில நேரம் இரும்பு ஏறும், வலை கிழியும் என்று. நான் பயந்தது இரும்புக்கில்லை. ஆனால் அங்கே இருந்தது மணல். அலை கோடு போட்ட மணல், அதில் கொஞ்சம் கடற்புல், கிழிந்த நைலோன் வலையில் ஒரு துண்டு, கிளாத்திக் குஞ்சுகள். நான் முழங்காலில் இருந்து சுற்றிப் பார்த்தேன். என் பிள்ளைக்காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அது எனக்குச் சமாதானமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கடலுக்கு ஒன்றும் நினைவில்லை போலிருக்கிறது.

புல்லுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை, நடுத்தரம். கையைக் கட்டிக்கொண்டு அதற்கு முன்னால் கிடந்தேன். வாய்ப்பக்கத்தில் குறுகிய தும்புகள் வெளியே வந்து மணலைத் தடவித் தடவி உள்ளே தள்ளுகின்றன. பின்பக்கத்தால் அதே மணல் கழுவிய மாதிரிச் சின்ன உருண்டையாக வந்து விழுகிறது. அது நகர்கிறது என்றே சொல்லமுடியாது, ஆனால் நான் பார்க்கத் தொடங்கிய இடத்தில் இல்லை. எத்தனை ஆயிரத்தைப் பையில் போட்டிருப்பேன். இது சாப்பிடுகிறது என்பதை நான் பார்த்ததில்லை. மேலே வந்ததும் படகுக்காரத் தம்பி கேட்ட முதல் கேள்வி, "ஐயா, கீழ எத்தினை கண்டனீங்கள்?" நான் ஒன்று என்றேன். அவன் நம்பவில்லை. இடத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

மருமகனின் விமானத்துக்கு இரண்டு நாள் இருந்தது. சுழியோடியபின் பதினெட்டு மணித்தியாலமாவது போகாமல் விமானம் ஏறக்கூடாதாம், மேலே அழுத்தம் இன்னும் குறையும். அந்த இடைவெளியில் அவனைக் கூட்டிக்கொண்டு மச்சானைப் பார்க்கப் போனேன். அவன் இப்போது முள்ளியவளையில் தங்கச்சி வீட்டில். சக்கர நாற்காலி, திண்ணை, றேடியோ. 2009 இல் அவனை இரண்டு பேர் மாறி மாறித் தோளில் சுமந்து வந்தார்கள். அந்தக் கதையை அவன் சொல்லமாட்டான்.

"எத்தினை பாகம் இறங்கினனி?" என்றுதான் தொடங்கினான்.

"கோணேசரடியில எட்டு."

"எவ்வளவு நேரம் நிண்டனி?"

சொன்னேன். மருமகன் கைக்கருவியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான். எட்டுப் பாகத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், பத்தில் எவ்வளவு, இரண்டாம் தரம் இறங்கினால் எவ்வளவு குறையும் என்று பொத்தானை அழுத்தி அழுத்திக் காட்டினான். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். பத்துப் பாகம், நாலு சிலிண்டர் என்று போடச் சொன்னான். மூன்றாவதிலேயே கருவி சிவப்பைக் காட்டியது.

"நாலாவதை விடு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாங்கள் மூண்டோட நிற்பாட்டினாலும் பிழைதான் என்ன" என்றான்.

பேச்சை மாற்றத்தான் கிளார்க்கின் கதையைச் சொன்னேன். போலியோவின் பின்விளைவால் கடைசிக் காலத்தில் அந்த மனிதனும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். வயதான காலத்திலும் கடலை விடாமல் இறங்கிக்கொண்டிருந்தார், தண்ணீருக்குள் காலின் பாரம் ஆளை அழுத்தாது என்று. 2008 இல் கொழும்பில்தான் செத்தார், தொண்ணூறு வயதில். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"படகில இருந்து அந்தாளை எப்பிடி இறக்கினவங்கள்?"

எனக்குத் தெரியாது என்றேன். மருமகன்தான் குறுக்கிட்டு, நரம்பில் குமிழி அடித்தவருக்கு எந்த மருத்துவரும் சிலிண்டருக்குக் கையெழுத்து வைக்கமாட்டார் என்று தெளிவாகச் சொன்னான். ஆனால் கண்ணாடியும் குழாயும் போட்டுக்கொண்டு மேலே மிதக்கலாம், மிதவை அங்கி போட்டால் தாழமாட்டார், இரண்டு பேர் பக்கத்தில் நிற்கவேண்டும், நெஞ்சளவு தண்ணீர் போதும்.

உள்ளேயிருந்து தங்கச்சி சத்தம் போட்டா: "அண்ணை, உங்களுக்கு விசரே? கடலிட்டக் குடுத்தது காணாதே?"

அவன் அவவுக்குப் பதில் சொல்லவில்லை. நாற்காலியின் சக்கரம் மணலில் புதையும், கதிரையோடு தூக்க நாலு பேர் வேண்டும், வட்டுவாகல் பக்கம் தரை இறுக்கம், அங்கே ஓட்டோ கிட்டப் போகும் என்று என்னிடம் கணக்குச் சொல்லத் தொடங்கியிருந்தான்.